கேமரா இருந்தது, பதிவு இல்லை

2020 ஜூன் 28 அன்று சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் காவல் மரண விசாரணைக்காகச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர் அங்கே கேமராக்கள் இருந்ததைப் பார்த்தார். பதிவுகளைச் சேமிக்க 1 டிபி ஹார்டு டிஸ்க்கும் இருந்தது. ஆனால், அன்றன்றைய பதிவு தானாக அழிந்துவிடும்படி அந்த அமைப்பு வைக்கப்பட்டிருந்தது. வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அந்த நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஜூன் 19 இரவின் காட்சி எதுவும் மிஞ்சவில்லை என்று அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கை அனுப்பினார்.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களுக்கும் ஓர் உத்தரவு பிறப்பித்தது. நுழைவாயில், லாக்கப், தாழ்வாரம் என்று எந்தெந்த இடம் கேமராவின் பார்வையில் இருக்க வேண்டும் என்று அது வரிசைப்படுத்தியது. இருட்டிலும் காட்சி தெரிய வேண்டும், ஒலியும் பதிய வேண்டும். பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், முடியாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கேமராக்கள் இயங்குவதற்கு நிலைய அதிகாரியே பொறுப்பு. எங்கே, எதைக் காட்ட, எத்தனை நாளுக்கு, யார் பொறுப்பில் என்ற நான்கு கேள்விகளுக்கும் அந்த உத்தரவில் பதில் இருக்கிறது.

தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் கேமரா வாங்கப் போகிறவர் இந்த நான்கில் ஒன்றையாவது கேட்கிறாரா? பெரும்பாலும் கேட்பது, “நாலு கேமரா செட் என்ன விலை?” என்பதுதான். கடைக்காரர், “ரெண்டு எம்பி வேணுமா, நாலு எம்பி வேணுமா?” என்று திருப்பிக் கேட்பார். பேரம் அங்கேயே முடிந்துவிடும். தனிமனிதர் மட்டும் இப்படி வாங்குவதில்லை. சென்னையின் ‘மூன்றாவது கண்’ திட்டத்துக்குப் பிறகு தமிழகம் முழுவதும் காவல் துறை வணிகர்களிடமும் குடியிருப்போரிடமும் கேமரா மாட்டச் சொல்லி வருகிறது. ஊராட்சிகளும் கோயில்களும் திருமண மண்டபங்களும் மாட்டுகின்றன. திறப்பு விழாவில் சொல்லப்படுவது எண்ணிக்கை. மறுநாள் செய்தியில் வருவதும் எண்ணிக்கை.

இந்த எண்ணிக்கைக் கணக்கைக் கைவிட வேண்டும். முகம் தெரியாத, பதிவு நாள்கணக்கில் நிற்காத, பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத 16 கேமராக்களைவிட, சரியான இடத்தில் சரியாக வேலை செய்யும் 3 கேமராக்கள் ஊருக்குப் பாதுகாப்பு. தனியார் வாங்கினாலும் பேரூராட்சி டெண்டர் விட்டாலும், கேமரா என்ன வேலை செய்து காட்ட வேண்டும் என்பதை முதலில் எழுத வேண்டும். பெட்டியின் விலை அதற்குப் பிறகு.

அடையாளம் காட்டும் படம்

எப்படிப்பட்ட படம் அடையாளம் காட்டும் என்பதைக் காவிரிப் படுகைக்குச் சொல்லித்தர வெளியூர் உதாரணம் வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் சோழர் கால நடராஜர் சிலை 2006-இல் திருடப்பட்டது. கோயில் பூட்டிக் கிடந்ததால் திருட்டே 2008-இல்தான் வெளியே தெரிந்தது. அந்த ஆண்டில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அந்தச் சிலையை 50 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியிருந்தது. 2014 செப்டம்பரில் அது இந்தியாவிடம் திருப்பித் தரப்பட்டது. ‘இது எங்கள் சிலை’ என்று நிரூபிக்க உதவியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் அந்தக் கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம். அருகில் நின்று, போதிய வெளிச்சத்தில், எந்த ஊர், எந்தக் கோயில் என்ற குறிப்போடு எடுத்து, பத்திரமாக வைக்கப்பட்ட படம் அது. சிலையின் சின்னச் சின்னத் தழும்புகள்கூட அதில் ஒத்துப்போயின.

கண்காணிப்புக் கேமராவிடமும் கேட்க வேண்டியது இதே குணங்களைத்தான். இதை அளக்க ஒரு சர்வதேசத் தரமே இருக்கிறது. ஐஇசி 62676-4 என்ற அந்தத் தரம், காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்று கணக்கிடச் சொல்கிறது. அங்கே யாரோ நடமாடுகிறார் என்று அறிய மீட்டருக்கு 25 பிக்சல் போதும். தெரிந்தவர்தான் என்று இனம்காண 125 வேண்டும். முன்பின் பார்த்திராத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காட்ட 250 வேண்டும்.

இந்த அளவுகோலை ஒரு மளிகைக் கடைக்குப் போட்டுப் பார்க்கலாம். சந்தையில் அதிகம் விற்கும் 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 பிக்சல் அகலம் கொண்டது. அதை 250-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.7 மீட்டர். காட்சி அந்த அகலத்தைத் தாண்டி விரிந்தால் முகம் அடையாளத்துக்கு உதவாது. பெரும்பாலான கேமராக்களோடு வரும் 2.8 மிமீ லென்ஸ் நூறு டிகிரிக்கும் மேல் விரித்துப் பார்ப்பது. எனவே, கேமராவிலிருந்து சுமார் 3 மீட்டருக்கு அப்பால் போனாலே அந்த அகலம் தாண்டிவிடுகிறது. கடை வாசலில் 15 அடி உயரத்தில் மாட்டித் தெரு முழுவதையும் பார்க்கும்படி வைத்த கேமராவில், திருடன் ஒரு நிழலாக வந்து நிழலாகப் போவது இதனால்தான். அதே 2 மெகாபிக்சலில் 6 மிமீ லென்ஸ் போட்டால் பார்வை குறுகும். ஆனால் 7, 8 மீட்டர் தூரத்து முகம் தெரியும். அதிகச் செலவும் இல்லை, வாங்கும்போது ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே, ஒரு கடைக்கு இரண்டு விதப் பார்வை தேவை. என்ன நடந்தது என்று அறிய அகலமாகப் பார்க்கும் கேமரா ஒன்று. யார் செய்தது என்று அறிய, எல்லோரும் கடந்தே ஆக வேண்டிய வாசலையோ கல்லாவையோ நெருக்கமாக, முக உயரத்துக்குச் சற்று மேலிருந்து பார்க்கும் கேமரா ஒன்று. வண்டி எண்ணைப் பிடிக்க வேண்டுமென்றால் அது தனி வேலை. முகப்பு விளக்கின் கூச்சத்தையும் வண்டியின் வேகத்தையும் சமாளிக்கும்படி ஷட்டர் வேகம் அமைத்த கேமரா, வண்டி வரும் திசைக்கு நேராக வேண்டும். பேருந்து நிலையத்துக் கூட்டத்தைப் பார்க்கும் கேமராவே நம்பர் பிளேட்டையும் படித்துவிடும் என்று எதிர்பார்ப்பது வீண்.

இரவும் பூச்சியும் மின்சாரமும்

விளம்பரப் படங்களில் கேமரா எப்போதும் சுத்தமான சுவரில் இருக்கிறது. ஒரத்தநாட்டைச் சுற்றி இருப்பது கல்லணைக் கால்வாய்ப் பாசன வயலும் தென்னந்தோப்பும். ஐப்பசி, கார்த்திகையில் விளக்கு போட்டால் பச்சைத் தத்துப்பூச்சி கூட்டம் கூட்டமாக வந்து மொய்ப்பதை இந்தப் பகுதியில் அறியாதவர் இல்லை. இரவிலும் வண்ணப் படம் தருவதற்காக வெள்ளை விளக்கு எரியவிடும் கேமராவை வயலோரம் மாட்டினால் அந்தப் பூச்சிகள் முழுவதும் லென்ஸ் முன்னால்தான் நிற்கும். படம் மறைவது ஒருபுறம், ஒவ்வொரு பூச்சிக்கும் கைப்பேசியில் எச்சரிக்கை அடித்துக்கொண்டே இருக்கும். நான்காம் நாள் வீட்டுக்காரர் எச்சரிக்கையை நிறுத்திவிடுவார். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி தரும் கேமராவும், விளக்கு வேண்டுமென்றால் கேமராவிலிருந்து தள்ளி வைத்த தனி விளக்கும் இங்கே பொருத்தம். அசைவு எதுவானாலும் அடிக்காமல், மனிதரையும் வண்டியையும் மட்டும் பிரித்தறியும் வசதி இருக்கிறதா என்றும் கேட்டு வாங்க வேண்டும். மாதம் ஒருமுறை சிலந்தி வலையைத் துடைக்க யாரேனும் ஏணி வைத்து ஏறவும் வேண்டும்.

மின்சாரம் அடுத்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னையோடு மின்கம்பங்களையும் சாய்த்தது. பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. புயல் ஆண்டுதோறும் வராது, மின்வெட்டும் இடியும் வரும். நான்கு கேமரா, ரெக்கார்டர், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து ஒரு மின்விசிறி இழுக்கும் மின்சாரத்துக்கு மேல் எடுப்பதில்லை. ஆகவே, வீட்டு இன்வெர்ட்டரோ சிறிய யுபிஎஸ்ஸோ தாராளமாகத் தாங்கும். கேமராவை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுத்துவிட்டு ரவுட்டரை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

முடிந்த இடத்திலெல்லாம் வைஃபை கேமராவை விட்டு ஒயர் கேமராவையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் செல்லும் பிஓஇ முறை இதற்கென்றே இருக்கிறது. 100 மீட்டர் வரை அது ஓடும். அந்தக் கேபிள் முழுச் செம்பா என்று பார்ப்பது முக்கியம். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவு கேபிளில் தூரம் கூடக்கூட மின்சாரம் குறைந்து, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் கேமரா அணைந்து அணைந்து எரியும். பழுது கேமராவில் என்று நினைத்துக் கேமராவை மாற்றுவார்கள்.

மோட்டார் கொட்டகைக்குத் தனிக் கணக்கு. பம்ப்செட் செம்பு ஒயர் திருட்டு விவசாயிகளின் நீண்ட நாள் வேதனை. ஒயரும் வைஃபையும் எட்டாத இடம் என்பதால் சிம் போட்ட கேமராவை வாங்குகிறார்கள். சாதாரணமான 2 எம்பிபிஎஸ் ஓட்டத்தில் ஒரு கேமரா ஒரு நாளைக்கு 21.6 ஜிபி எடுக்கும். நாளுக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜ், இரண்டேகால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஆகவே, அங்கே முழுப் பதிவு கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில் விழ வேண்டும். ஆள் வந்தால் மட்டும் சில விநாடிக் காட்சி கைப்பேசிக்கு வர வேண்டும். சோலார் கேமராக்களில் பல பேட்டரியைச் சேமிக்கத் தூங்கிக் கிடந்து அசைவு கண்டதும் விழிப்பவை. விழிப்பதற்குள் ஆள் கடந்துவிடுகிறாரா என்று நடந்து பார்த்துத்தான் அதை வாங்க வேண்டும்.

எத்தனை நாள்?

திருட்டு எப்போதும் மறுநாளே தெரிவதில்லை. கோயில் நகையோ உரக்கடைக் கையிருப்போ மாதக் கணக்கு எடுக்கும்போதுதான் குறைவது தெரியும். ஆகவே, 30 நாள் பதிவு என்பது நியாயமான குறைந்தபட்சம். இதற்கான கணக்கு யாரும் போடக்கூடியதே: 1 எம்பிபிஎஸ் ஓட்டத்துக்கு நாளுக்கு 10.8 ஜிபி. தலா 2 எம்பிபிஎஸ்ஸில் நான்கு கேமரா இடைவிடாமல் பதிந்தால் நாளுக்கு 86 ஜிபி. ‘செட்’டோடு தள்ளிவிடப்படும் 1 டிபி டிஸ்க் 11 நாளில் நிரம்பி, பழையதை அழிக்கத் தொடங்கும். 30 நாளுக்கு 2.6 டிபி தேவை, எனவே 4 டிபி வாங்க வேண்டும். அதுவும் இரவு பகல் ஓயாமல் எழுதுவதற்கென்று செய்த கண்காணிப்பு டிஸ்க்காக இருக்க வேண்டும். கணினிக்கான மலிவு டிஸ்க் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். தேவைப்படும் நாளில்தான் அது தெரியவரும்.

பதிவு இருந்தால் மட்டும் வழக்கு நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தாக்கல் செய்யச் சான்றிதழ் கேட்கிறது. பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் அதில் வர வேண்டும். ரெக்கார்டரின் கடிகாரம் அரை மணி நேரம் பிந்தி ஓடினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது ஒன்றே போதும். இணையத்திலிருந்து நேரத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு ஏறக்குறைய எல்லா ரெக்கார்டரிலும் உண்டு. மாட்டும் நாளில் ஒரு நிமிட வேலை அது.

சாவி யார் கையில்?

இணையத்தோடு இணைந்த கேமராவில் மிகப் பெரிய ஆபத்து, அதே வழியாக வேறொருவரும் பார்க்க முடியும் என்பது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகமெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் ரவுட்டர்களையும் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. அது பெரிய தந்திரம் எதையும் செய்யவில்லை. தயாரிப்பாளர்கள் வைத்து அனுப்பிய அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அந்தப் படையை வைத்து 2016 அக்டோபர் 21 அன்று நடந்த தாக்குதலில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின.

நம் நாட்டில் நடந்தது இன்னும் கொடியது. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதித்த காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. மருத்துவமனையின் கேமரா அமைப்புக்குள் வெளியாட்கள் நுழைந்து எடுத்தவை அவை. எளிதில் ஊகிக்கக்கூடிய, மாற்றப்படாத பாஸ்வேர்டே வழிவிட்டதாக விசாரணைச் செய்திகள் கூறின. பரிசோதனை அறையில் கேமரா வைத்ததே முதல் குற்றம். அதை இணையத்தில் திறந்து போட்டது இரண்டாவது.

ஊரில் நடப்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கேமரா மாட்ட வருபவர் தன் கைப்பேசியில் செயலியைப் போட்டு, தன் எண்ணிலேயே கணக்குத் திறந்து, உரிமையாளருக்குப் ‘பகிர்ந்து’ கொடுத்துவிட்டுப் போகிறார். பாஸ்வேர்டு அவர் மாட்டிய எல்லாக் கடைக்கும் ஒன்றாகவே இருக்கக்கூடும். வீடு கட்டிய கொத்தனாரிடம் சாவியை விட்டுவைப்பவர் யாருமில்லை. கேமராவில் அதைத்தான் செய்கிறார்கள். தலைமைக் கணக்கு உரிமையாளர் பெயரில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டை அவரே கையால் மாற்ற வேண்டும். ரவுட்டரில் வெளியிலிருந்து நேரடியாக உள்ளே வரும் ‘போர்ட்’ எதையும் திறந்துவிடக் கூடாது.

அரசும் இப்போது விதியை இறுக்கியிருக்கிறது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் கொண்டுவந்த கட்டாயப் பதிவுத் திருத்தத்தின்படி, 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியாக வேண்டும். வன்பொருள், மென்பொருள், குறியாக்கம் என எல்லாம் அதில் சோதிக்கப்படுகின்றன. பழைய இருப்பு சந்தையில் மலிவாகத் தள்ளிவிடப்படலாம். ஆகவே, வாங்குபவர் மாடல் எண்ணைச் சொல்லி, “இதுக்கு அந்தச் சோதனையில தேறின எஸ்டிக்யூசி சான்றிதழ் இருக்கா? இன்னும் எத்தனை வருஷத்துக்கு மென்பொருள் புதுப்பிப்பு வரும்?” என்று கேட்க வேண்டும். ஆன்விஃப் என்ற பொதுத் தரத்துக்கு ஒத்துப்போகிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 2008-இல் தொடங்கிய அந்தத் தரத்தில் இருக்கும் கேமராவை வேறு கம்பெனி ரெக்கார்டரோடும் இணைக்கலாம். இல்லையென்றால் ஒரு கேமரா கெட்டாலும் அதே கம்பெனி வாசலில்தான் நிற்க வேண்டும்.

கேமரா எதைப் பார்க்கக் கூடாது என்பதையும் வாங்கும்போதே தீர்மானிக்க வேண்டும். வீட்டுக்குள் உடன் வசிப்பவரின் ஒப்புதல் இல்லாமல் கேமரா வைப்பது அந்தரங்க உரிமையை மீறுவது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-இல் கூறியது. அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அண்டை வீட்டுக் கொல்லை படத்தில் வந்தால் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி ஏறக்குறைய எல்லாக் கேமராவிலும் உண்டு. அதைப் பயன்படுத்துவது நல்லுறவுக்கும் சட்டத்துக்கும் ஏற்றது.

டெண்டரில் எழுத வேண்டியது

அதிக மாற்றம் வரக்கூடிய இடம் பொதுப் பணம் செலவாகும் இடம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பத்துக்கு இவ்வளவு என்று கையூட்டு கேட்பதாகவும் எடையில் குறைப்பதாகவும் விவசாயிகள் பருவந்தோறும் புகார் சொல்கிறார்கள். அங்கே களத்தை அகலமாகக் காட்டும் கேமராவால் அவர்களுக்குப் பயனில்லை. எடைத் தராசின் எண்ணும், ஈரப்பதம் பார்க்கும் மேசையும் படிக்கும்படி தெரிய வேண்டும். அந்தப் பதிவு விவசாயிக்குப் பணம் வந்து சேரும் நாள் வரையாவது நிற்க வேண்டும். தன் நெல் எடை போட்ட நேரத்துக் காட்சியைக் கேட்டால் அது கிடைக்க வேண்டும்.

பேரூராட்சி, கோயில் நிர்வாகம், வணிகர் சங்கம் எதுவானாலும் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு வரி எழுதினால் போதும்: இந்த இடம், இன்ன பொருள் மீட்டருக்கு இத்தனை பிக்சலில், இத்தனை நாள் பதிவு, இன்னார் பொறுப்பு. அதோடு ஆண்டுப் பராமரிப்புக்கான தொகையையும் சேர்க்க வேண்டும், ஏனெனில் நன்கொடையில் மாட்டிய கேமராக்கள் கெட்ட பிறகு யாரும் அவற்றைச் சீந்துவதில்லை. எத்தனை கேமரா இயங்குகிறது, எத்தனை பழுது என்பதை மாதந்தோறும் அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.

வேலையை ஒப்புக்கொள்ளும் நாளும் மாற வேண்டும். பகலில் டிவி பெட்டியில் படம் தெரிந்ததும் கையெழுத்துப் போடுவது இன்றைய வழக்கம். அதற்குப் பதிலாக இரவு பத்து மணிக்கு, தெருவிளக்கு எரிகிற நிலையில், ஊருக்குப் புதியவர் ஒருவரை வாசலில் நடக்கவிட வேண்டும். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து இன்னொரு முறை நடக்கவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து அந்த இரண்டு காட்சிகளையும் ரெக்கார்டரிலிருந்து எடுத்துப் பென் டிரைவில் போட்டுத் தரச் சொல்ல வேண்டும். அதில் அவர் முகம் தெரிந்து, நேரம் சரியாக இருந்து, பாஸ்வேர்டும் கைமாறிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.